மீனாட்சி கையில் கிளி... நம் வீட்டுக் கூண்டில் இருந்தால் குற்றம்! - கோச்சடை சொல்லும் சேதி

மதுரையின் மேற்கே, மேலக்கால் சாலையில், வைகையின் தென்கரையில் இருக்கிறது கோச்சடை. முத்தையா சுவாமியும் வில்லாயுதமுடைய அய்யனாரும் காவல் காக்கும் ஊர். இன்று வீடுகளும் அடுக்குமாடிகளும் பெருகி நகரத்தோடு கலந்துவிட்டது. ஆனாலும் சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் துவரிமான் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் தொடங்கிவிடும்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பழைய கிளப் வளாகம் ஒன்றும் இங்கே உண்டு. இப்போது அது ஹெரிடேஜ் ஹோட்டல். அதன் பெரிய ஆலமரத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வயல், தோப்பு, வயதான மரம்... இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பச்சைக்கிளிக்கு வேறென்ன வேண்டும்? வயலில் தானியம், தோப்பில் பழம், பட்ட மரத்தின் பொந்தில் வீடு!

கிளியும் மதுரையும்

மதுரைக்காரர்களுக்குக் கிளி வெறும் பறவை இல்லை. மீனாட்சியம்மன் கையில் இருப்பதே கிளிதான். கோயிலில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டி 'கிளிக்கூட்டு மண்டபம்' இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து, அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். இன்று மண்டபத்துக்குப் பெயர் மட்டும் மிச்சம், கிளிகள் இல்லை.

வீடுகளிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பச்சைக்கிளி என இந்திய மண்ணின் கிளிகள் எதையும் பிடிக்கவோ, விற்கவோ, வாங்கவோ, வளர்க்கவோ கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் இந்தக் கிளிகள் இரண்டாம் அட்டவணையில் உள்ளன. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மைனாவுக்கும் இதே கதைதான். நட்சத்திர ஆமை இன்னும் கடுமையான முதல் அட்டவணையில் இருக்கிறது.

'குஞ்சிலிருந்து பிள்ளை மாதிரி வளர்த்தோம்' என்று சொன்னாலும் சட்டம் விடாது. 2023-ல் சென்னையில் திரைப்பட நகைச்சுவை நடிகர் ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு கிளிகள் மீட்கப்பட்டு, 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 தேர்தல் நேரத்தில் கடலூரில் வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளிகளும் வனத்துறை வசம் போயின. மதுரையிலும் 2023-ல், கிளி வளர்ப்போர் தாமாகவே ஒப்படைக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை என்று வனத்துறை அறிவித்தது.

ஏன் இவ்வளவு கறார்?

கூண்டில் இருக்கும் பச்சைக்கிளி பண்ணையில் பிறந்ததில்லை. ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து, இறகு முளைக்கும் முன்பே குஞ்சாக எடுக்கப்பட்டது. கிளி பெரும்பாலும் தானாகப் பொந்து குடைவதில்லை. மரங்கொத்தி விட்டுப்போனதையோ, மரத்தில் இயற்கையாக விழுந்த பொந்தையோதான் பெரும்பாலும் நம்பியிருக்கிறது. குஞ்சு எடுப்பதற்காக ஒரு பொந்தை வெட்டிப் பெரிதாக்கினால், அடுத்த ஆண்டுக்கான வீடும் சேர்ந்தே போய்விடும்.

எதை வளர்க்கலாம்?

'லவ் பேர்ட்ஸ்' என்று கடைகளில் விற்கும் பட்ஜரிகர், கொண்டை வைத்த காக்டெய்ல் போன்ற வெளிநாட்டுப் பறவைகளுக்குத் தடை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா போன்றவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2024-ல் வந்த விதிகளின்படி, இவற்றை வாங்கிய 30 நாள்களுக்குள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருந்தால்? மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட வேண்டாம். இறகு வெட்டப்பட்ட கிளியால் உயரப் பறக்க முடியாது. பூனைக்கோ காக்கைக்கோ இரையாகிவிடும். மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்படைப்பதே பாதுகாப்பு, கிளிக்கும் உங்களுக்கும்.

கூண்டில்லாமலும் கிளி வரும்

கிளி ஆசையைக் கூண்டில்லாமலும் தீர்த்துக்கொள்ளலாம். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர், மாடியில் ஊறவைத்த அரிசியைப் பரப்பிவைத்துப் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான கிளிகளை விருந்தாளிகளாக்கினார். அவ்வளவு வேண்டாம், கொல்லையில் ஒரு கொய்யா மரமே போதும்.

மதுரைக்குத் தென்மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையிலும் கிளி உண்டு. அது தினமும் புதிதாக இலைகளால் செய்யப்படுவது, மூக்குக்கு மாதுளம்பூ. தெய்வத்துக்கே இலைக்கிளி போதுமானதாக இருக்கிறது. நிஜக்கிளி கோச்சடை மரத்திலேயே இருக்கட்டும்!