கரோல் பாக்கில் ஒரு சக்கரத் தேட்டம்

தில்லி கரோல் பாக்கின் நாயிவாலா சந்தில் இருமருங்கும் மோட்டார் சைக்கிள் உதிரி பாகக் கடைகளே. 1955-இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் நம் திருவொற்றியூரில் செய்தளித்த புல்லட்டுக்கு அங்கே தனி மதிப்புண்டு. ஆயினும், முன்சக்கர ஹப் வேண்டுவோர் வண்டியின் பெயரை மட்டும் சொல்லிப் பயனில்லை. முற்கால வண்டிக்குப் பிரேக் டிரம் 6 அங்குலம். பிற்காலத்ததற்கு 7 அங்குலம். ஒன்றன் பிரேக் ஷூ மற்றொன்றில் சேராது. பேரிங்குக்கோ எண்ணே சாட்சி: 6203 எனப் பொறித்திருப்பின் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, கனம் 12 மில்லிமீட்டர், எந்நாட்டில் செய்ததாயினும் அளவு மாறாது. ஆதலின் அன்பர்கள் பழைய ஹப்பையும் அச்சையும் கையோடு கொண்டு சென்று, பொருத்திச் சுழற்றிப் பார்த்தே வாங்குக. பின்னிருக்கையில் மனைவி மக்களை ஏற்றிச் செல்பவருக்கு முன்பிரேக்கே உயிர்க்காவல்.