பொலிஸுக்குப் போவது பாவமா?



கணவனின் அடியை "வீட்டு விஷயம்" என்று மூடி மறைப்பது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அடிபட்டவளுக்கு 'ஸப்ர்' செய்யும்படி உபதேசம்; அடித்தவனுக்கோ ஒரு வார்த்தையும் இல்லை. நோயையும் வறுமையையும் தாங்குவது பொறுமை. அநியாயக்காரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பது பொறுமையல்ல. நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததில்லை என்பது ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பு.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளின் கையில் கண்டல் காயம். பொலிஸில் "புருஷன் பெண்சாதி சண்டைதானே" என்று சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்களாம். மூன்றாம் நாள், "என்னைப் பொலிஸுக்கு இழுத்தாயே" என்று சொல்லியே மீண்டும் அடித்திருக்கிறான். "மௌலவி, திரும்பவும் போனால் பாவமா?" என்று அப்பிள்ளை கேட்டாள். அநியாயம் இழைக்கப்பட்டவர் அதை வெளியே சொல்வதற்கு அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனம் இடமளிக்கிறது என்றேன். "அவரை மறியலில் போட்டால் பிள்ளைகளுக்குச் சோறு?" என்றாள் அடுத்து.

இந்தப் பயம்தான் பலரின் வாயை அடைக்கிறது. எனவே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்தவருக்கும் உரியது. பாதிக்கப்பட்டவர் தாமாகவோ, அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரமெனில் விசாரணைக்கு முன்பே இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம். பின்னர் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அது தண்டனையல்ல, தடை. அதை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறையோ, 10,000 ரூபா வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். செலவுக்கு அவசரப் பணம் கொடுக்கும்படியும் நீதிமன்றம் கணவனுக்குக் கட்டளையிடலாம்.

காதி நீதிமன்றத்தில் 'பஸஹ்' கேட்பது வேறு விடயம். பாதுகாப்புக் கட்டளை வழங்கும் அதிகாரம் காதியாருக்கு இல்லை. ஒன்றுக்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

காயம் ஆறுமுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பெரிய சாட்சி. பொலிஸில் முறைப்பாட்டைப் பதியச் செய்து, இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆலோசனைக்கு 1938 என்ற மகளிர் தொலைபேசி இலக்கம் உண்டு.

உம்மாமாரே! வாப்பாமாரே! அடிபட்டு வரும் மகளை "ஊர் என்ன சொல்லும்" என்று அன்றிரவே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீதிமன்றத்தின் கதவு காலையில்தான் திறக்கும். அதுவரை உங்கள் கதவு திறந்திருக்க வேண்டும்.