கரியுண்ட இரும்பு

இரும்பின் பகைவன் யார் என்று கேட்டால், நாம் தயங்காமல் துருவையே சொல்வோம். கடற்கரை ஊர்களில் சன்னல் கம்பியும் கதவுக் கீலும் செந்தூளாய் உதிர்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயின், மழையும் உப்புக் காற்றும் எட்டாத குழாய்களுக்குள்ளே, 400 முதல் 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கருந்தூளாய் உதிர்ந்துபோகும் இரும்பும் உண்டு. அங்கே அதனை அழிப்பது கரி.

கரியையா பகை என்பது? இரும்பை எஃகாக்கி உயர்த்தியதே அதுவன்றோ! நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கரி கலந்து மூசையில் உருக்கிய எஃகு, தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மரக்கலமேறி மேற்கே சென்றது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபின் எஃகையும் குறித்தார். அத்தகைய எஃகில் அடித்த வாள்களின் மேல் நீரலை போன்ற கோலத்தை வரைந்தது, மூன்று இரும்பணுக்களோடு ஒரு கரியணு கூடிய சேர்மம். அறிவியலார் அதனைச் சிமெண்டைட் என்பர்.

வாளுக்கு அழகு தந்த அதே சிமெண்டைட்தான் ஆலையில் குழாயைத் தூளாக்குகிறது. யூரியா உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவைச் செய்ய, இயற்கை வாயுவையும் நீராவியையும் 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வினைபுரியச் செய்வர். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கும். அவ்வாயுக் கலவை கொதிகலன் வழியே குளிரும்போது, மோனாக்சைடு உலோகத்தின் மேல் தன் கரியை இறக்குகிறது. இரும்பு அதனை உண்கிறது. கொள்ளளவு கடந்தும் உண்கிறது. மேற்பரப்பில் சிமெண்டைட் உருவாகிறது. அதன்மேல் கிராஃபைட் படிந்ததும், அச்சிமெண்டைட் நிலைகொள்ளாமல் கிராஃபைட்டாகவும் நுண்ணிய இரும்புத் தூளாகவும் பிரிகிறது. அத்தூளோ மேலும் கரி படியத் தூண்டுகிறது. நோயே நோயை வளர்க்கும் கதை இது. நிக்கல் கலவைகளில் சிமெண்டைட் என்னும் இடைப்படி இல்லை. கிராஃபைட் நேரே உலோகத்துள் வளர்ந்து அதனைப் பிளக்கிறது.

இதில் நம்மைச் சிந்திக்க வைப்பது ஒன்று உண்டு. பேராபத்து வெப்பத்தின் உச்சியில் இல்லை. அங்கே மோனாக்சைடு தன் கரியை எளிதில் விடுவதில்லை. 400 பாகைக்குக் கீழே வினை மிக மெதுவாகிவிடுகிறது. உச்சியிலிருந்து இறங்கி வரும் இடைவழியில்தான் அழிவு காத்திருக்கிறது.

இஃது எங்கோ நடக்கும் வேதியியல் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம் சபுராளிகளில் எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளின் அம்மோனியா, மெத்தனால் ஆலைகளில் குழாய்களுக்கு அருகே உழைக்கின்றனர். அக்குழாயினுள்ளே ஓடுவன, தீப்பற்றும் ஹைட்ரஜனும் மணமற்ற நச்சாகிய மோனாக்சைடும். வெளியே சுவர் வழுவழுப்பாய் நிற்கும். உள்ளே குழிகள் ஆழ்ந்துகொண்டிருக்கும். உதிர்ந்த தூளை வாயுவே அடித்துக்கொண்டு போய்விடும். ஆலையை நிறுத்தும் நாள்களில் கேளா ஒலியாலும் சிறு கேமராவாலும் சுவரைச் சோதிப்பவரின் பொறுமையில்தான், பணி முடிந்து அறைக்குத் திரும்பும் பலரின் உயிர் தங்கியிருக்கிறது.

காப்பும் இல்லாமல் இல்லை. உலோகக் கலவையில் குரோமியமோ அலுமினியமோ போதிய அளவில் இருந்தால், மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று மேற்பரப்பைப் போர்த்திக் கரியைத் தடுக்கிறது. இதற்கென்றே வகுத்த ஒரு நிக்கல் கலவையில் 27 முதல் 31 சதவீதம் குரோமியமும், 2.5 முதல் 4 சதவீதம் அலுமினியமும் உள்ளன. சிறிதளவு கந்தகமும் கரியின் நுழைவைத் தடுக்கும். ஆனால் அதுவே வினையூக்கிகளுக்கு நஞ்சாவதால், எங்கும் இட முடிவதில்லை.

அப்படலமும் வெப்பம் ஏறி இறங்குகையில் கீறுகிறது. உள்ளே குரோமியம் இருப்பில் இருந்தால் கீறல் தானே ஆறிவிடும். இருப்பு தீர்ந்த இடத்தில் கரி புகுந்துவிடும். அளவோடு சேர்ந்தபோது எஃகென்று பெயர் தந்த கரி, அளவு கடந்தபோது இரும்பென்னும் பெயரையும் விட்டுவைக்கவில்லை. உலோகத்தின் உறுதி அதன் கனத்தில் இல்லை. மேலே கீறல் விழும்போது உள்ளே இருப்பு உண்டா என்பதில் இருக்கிறது. மனிதரையும் நாம் அப்படித்தானே அளக்கிறோம்?