கண்டி வீதியின் மறுமுனையில்

வடபகுதிப் பெண்களுக்குக் கண்டி வீதி என்ற பெயர் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா வழியாகச் செல்லும் ஏ-9 வீதியைத்தான் அப்படி அழைக்கிறார்கள். 2002 ஏப்ரலில் அது திறக்கப்பட்டபோது பல ஆண்டுகளாகக் காணாத உறவுகளைத் தேடிப் போனவர்கள் ஏராளம். 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது இரண்டு பக்கமும் பிரிந்து நின்றவர்களும் ஏராளம். ஆயினும் ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமான அந்த வீதி தொடங்கும் கண்டி நகரில் வாழ்ந்து பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

தொழிலுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் இப்போது சில தாய்மார் கண்டிக்கு வந்து குடியேறுகிறார்கள். அப்படிக் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துடன் சில மாதங்கள் பழகும் வாய்ப்பு எனது பணியினால் கிடைத்தது. கணவரை இழந்த அக்கா, பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன் ஆகிய மூவரே அந்தக் குடும்பம். அக்காவின் தாயார் பிறந்தது கண்டி மாவட்டத்திலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது லயன் அறையை விட்டு வெளியேறி வடக்கே போன எத்தனையோ மலையகக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தாய் குழந்தையாகப் போன வழியில் மகள் தன் குழந்தைகளுடன் திரும்பி வந்திருக்கிறார்.

வவுனியாவைத் தாண்டி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வரை வீதி நேராக ஓடுகிறது. மண்ணும் மரங்களும் வன்னியை நினைவூட்டுகின்றன. மாத்தளையை நெருங்கும்போது மலைகள் எழுகின்றன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரத்தை வீதியிலிருந்தே கும்பிடலாம். பின்னர் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை. அங்கே மகாவலி கங்கையைக் கடந்தால் கண்டி நகரம். பேருந்திலிருந்து இறங்கிய சின்னவன் முதலில் கேட்டது, "அம்மா, இஞ்ச மலையெல்லாம் ஏன் வீடுகளுக்கு இவ்வளவு கிட்ட நிக்குது?" என்றுதான்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே அமைந்துள்ளது. சமதரை குறைவு. ஆகவே வீடுகள் சரிவுகளில் ஏறுகின்றன. ஒரு வீட்டின் முற்றம் அடுத்த வீட்டின் கூரை உயரத்தில் இருக்கும்.

வீடு தேடிய கதை

அக்காவுக்கு இரண்டு வீடுகள் காட்டப்பட்டன. ஒன்றில் இரண்டு அறைகள், குசினி, வாடகையும் குறைவு. ஆனால் அதன் பின்பக்கத்தில் மலையை வெட்டி எடுத்த செங்குத்தான மண் சுவர் நின்றது. மற்றது ஒரே அறை, வாடகை கூட, ஆனால் பேருந்து வீதிக்குப் பக்கத்தில் உறுதியான நிலத்தில் இருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் பெரிய வீடுதான் பிடித்தது. அக்கா அந்த மண் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மிஸ், மழைக்கு உது இறங்கி வராதோ?"

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியை நாம் மறக்க முடியாது. நாட்டில் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிரிழப்பு மிகக் கூடுதலாகப் பதிவான மாவட்டம் கண்டி. வெள்ளத்தை விட மண்சரிவே இங்கு அதிக உயிர்களைக் கொண்டுபோனது. எனவே மலைநாட்டில் வீடு பார்க்கும் பெண் சுவரின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு உண்டா, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து நிற்கின்றனவா, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா, ஊற்று நீர் சேறாக வருகிறதா என்று கவனியுங்கள். அயலவரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். மழைக் காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

அக்கா சிறிய வீட்டையே எடுத்தார். மகள் இரண்டு நாட்கள் தாயுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா இரு பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அந்த மண் சுவரைக் காட்டி, காரணத்தை விளக்கினார். அதன் பிறகே மகளின் கோபம் தணிந்தது. பிள்ளைகளிடம் காரணம் சொல்லாமல் மூட்டை கட்டச் சொல்வதுதான் நம் இடம்பெயர்வுகளில் நடந்தது. அப்போது சொல்வதற்கு நேரம் இருக்கவில்லை. இப்போது நேரம் இருக்கிறது.

புது வீட்டில் அக்கா முதலில் செய்த வேலை, கதவோரம் ஒரு பையைத் தொங்கவிட்டதுதான். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருந்து, டோர்ச் எல்லாம் அதற்குள். "2009ஆம் ஆண்டிலிருந்து பழகிப் போச்சு மிஸ், எனக்கே வெக்கமாய் இருக்குது" என்றார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அனர்த்த முகாமைத்துவப் பயிற்சிகளில் மலைநாட்டு மக்களுக்கு இன்று கற்பிப்பது இதைத்தான். பையில் என்ன இருக்கிறது, மழை கூடினால் எந்தப் பாதையால் எங்கே போவது என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். அறிந்த பிள்ளைக்கு அந்தப் பையைப் பார்த்துப் பயம் வராது.

அயல்

பக்கத்து வீட்டில் வயதான சிங்களத் தாய் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஊர் பழைய தெல்தெனிய. மகாவலியை மறித்து விக்டோரியா அணை கட்டி 1985இல் திறந்தபோது அந்த நகரம் நீரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டன. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் மிச்சங்கள் வெளியே தெரியும். மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ஊரை இழந்த இருவரும் பேசிக்கொள்ள மொழி போதவில்லை. ஆனால் 'அம்மா', 'அக்கா' என்ற சொற்கள் இரண்டு மொழிகளிலும் ஒன்றுதான். அவற்றில் தொடங்கி இன்று சின்னவன் கடைக்குப் போய் சிங்களத்தில் பாண் வாங்கி வருகிறான்.

எல்லாம் இனிமை என்று நான் எழுதவில்லை. 1983 ஜூலையில் இந்த நகரிலும் தமிழர்களின் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் இதே மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தமிழ்ப் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லும் உரிமையாளரை இன்றும் காணலாம். அதனால்தான் அயலில் நான்கு பேரையாவது பெயர் சொல்லி அறிந்து வைத்திருப்பது அவசியம். ஆபத்தில் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவராகத்தான் இருப்பார்.

பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுங்கள்

கண்டியில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் உள்ளன. பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விபரம் உள்ள சுகாதாரப் பதிவேடு, வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே தயார் செய்தால் அலைச்சல் குறையும். பாடசாலை தொடங்குவதற்கு முன்பே பிள்ளையுடன் அந்த வழியில் இரண்டு மூன்று தரம் நடந்து பாருங்கள். புது வகுப்பில் வடபகுதிப் பேச்சைக் கேட்டுச் சில பிள்ளைகள் சிரிக்கலாம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பேச்சு உண்டு என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

நகரைச் சுற்றிப் பார்க்கப் பெரிய செலவில்லை. தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகலைக் காட்டில் குரங்குகள் உண்டு. மழை பெய்தால் அட்டைகளும் உண்டு. வன்னிப் பிள்ளைகள் அட்டையைக் கண்டு அலறுவார்கள். உப்போ சவர்க்காரமோ கொண்டுபோனால் போதும். நகரின் நடுவிலுள்ள ஏரியைச் சுற்றி நடப்பதற்குக் காசே தேவையில்லை. அதை 1807இல் அமைப்பித்தவன் கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சத்தைச் சேர்ந்த அவனுடைய இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். இதைச் சொன்னபோது மகள், "அப்ப அரசனும் இடம்பெயர்ந்தவரோ?" என்று கேட்டாள். அன்று அவள் ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

சகோதரிகளே, வீடு மாறுவது நமக்குப் பழக்கமான துன்பம். ஆனால் ஓடிப்போவது வேறு, பார்த்து, கேட்டு, தெரிந்தெடுத்துக் குடிபுகுவது வேறு. நாம் பட்ட பாடுகளில் கற்றுக்கொண்டவை பல: எதை முதலில் எடுப்பது, யாரை நம்புவது, எப்போது கிளம்புவது. அவற்றைப் பயமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், அறிவாகக் கொடுப்போம். புது வீட்டில் முதல் இரவு படுக்கும் முன், பின்பக்கம் என்ன இருக்கிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார், பாடசாலைக்கு எந்தப் பாதை என்ற மூன்றும் உங்கள் பிள்ளைக்குத் தெரியட்டும்.