கோபக்காரர் வீட்டு மருந்து டப்பா

"கோபம் இருக்கிற இடத்துலதான் சார் குணம் இருக்கும்" என்று புருஷனுக்காக வக்காலத்து வாங்கும் பெண்களிடம் நான் வாதாடுவதில்லை. "ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தை வீட்டுல எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்பேன். பொட்டிபுரம், போடிப் பக்கம் மனநல ஆலோசகனாக இருப்பவனுக்கு, தற்கொலையைத் தடுக்க இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

படிப்பில் எங்களுக்குச் சுபாவத்தை அளக்கச் சொல்லித் தந்தார்கள். எளிதில் கலங்குகிறவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வர வாய்ப்பு அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம்தான். ஆனால் விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரம் வீடு திரும்பும் அக்காவிடம் "அடிக்கடி கவலைப்படுவீங்களா?" என்று கேட்டால், "கவலையில்லாத ஆளு யாரு சார்?" என்பார். அவ்வளவுதான், பேட்டி முடிந்தது. அதனால் அவரோடு ஜீப்பில் வருகிறவர்களிடம் விசாரிப்பேன். "முன்னெல்லாம் வாய் ஓயாது. இப்ப ஜன்னலோரம் உட்கார்ந்தா இறங்குற வரைக்கும் பேச்சே இல்ல" என்று ஒருவர் சொன்னால் போதும். ஒருவரை ஊராரோடு ஒப்பிடுவதைவிட, போன வருஷத்து அவரோடேயே ஒப்பிடுவது எனக்கு அதிகம் உதவுகிறது.

ஊர் கொடுக்கும் நற்சான்றுகளையும் நான் நம்புவதில்லை. அழுது புலம்புகிறவளை "நடிக்கிறா" என்பார்கள். எதையும் சொல்லாதவளைத் "தங்கமான புள்ள" என்பார்கள். புலம்புகிறவள் தானே உதவி கேட்டு வந்துவிடுகிறாள். தங்கத்தை மிகத் தாமதமாகத்தான் கூட்டி வருகிறார்கள். கடனைப் பற்றி வாய் திறக்காத ரோஷக்காரரும் இந்த இரண்டாம் வகைதான். 2019-இல் ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. அந்த நாட்களில் குத்தகைக்காரர்களில் யார் புலம்பினார்கள் என்பதைவிட, யார் டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார்கள் என்றே பார்க்க வேண்டியிருந்தது.

முன்கோபம் ஒரு மாத ஆலோசனையில் மாறாது. ஆனால் மருந்து டப்பாவை இன்றைக்கே இடம் மாற்றலாம். இலங்கை 1995 முதல் கொடிய நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அங்கே யாருடைய சுபாவமும் மாறிவிடவில்லை. ஆத்திரம் தணியும்வரை கைக்கெட்டும் தூரத்தில் எமன் இல்லாமல் போனான். நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கம் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, ஊர்ப் பொது அறையில் ஆளுக்கொரு பெட்டியாக மருந்தைப் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது.

போலீஸ் கேஸ் பயத்தில் இன்னும் "தெரியாம குடிச்சுட்டாரு" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்கிறேன். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம் என்று எண்ணை அவர்கள் செல்போனிலேயே பதிந்தும் கொடுக்கிறேன்.

போடியில் பெட்டிக்குப் பூட்டு வாங்கச் சொல்லிவிடலாம். மலைமேல் தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே தங்கி மருந்தடிப்பவருக்குப் படுக்கையும் மருந்தும் ஒரே அறையில்தான். அந்த அறையின் சாவி தோட்டத்துக்காரரிடம் இருக்கிறது. அவரோ என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர் அல்ல.