ஓலை பார்க்கத் தெரிந்த முதலாளி

வடமராட்சி கிழக்கில் குடத்தனை, அம்பன் பக்கமெல்லாம் மணலும் பனையுந்தான். அங்குள்ள ஊரொன்றில், ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கிறது பனையோலைப் பட்டறை ஒன்று. ஏழெட்டுப் பெண்கள் பாயில் இருந்து பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு இருந்து சத்தகத்தால் ஓலை வார்ந்துகொண்டிருந்தவரே பட்டறையின் முதலாளி. தனி ஆளாக நீத்துப்பெட்டியும் சுளகும் இழைத்து விற்றவர், இன்று அயலிலுள்ள பெண்களுக்கு வேலை கொடுக்கிறார்.

"ஓலை பார்க்கத் தெரியாட்டில் இந்தத் தொழிலை நடத்தேலாது, தங்கச்சி" என்றார்.

மரத்தின் உச்சியில் விரியாமல் நிற்கும் இளம் ஓலைதான் சார்வோலை. அதை வெட்டி, வெயிலில் வெளிறக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்கிறார்கள். நிறம் வேண்டுமானால் சாயத்தில் அவிக்கிறார்கள். முற்றிய ஓலை மடிக்கும் இடத்தில் வெடிக்கும். சரியாகக் காயாத ஓலையோ பெட்டியான பிறகு சுருங்கி, இழை விலகும். ஓலையில் விடும் பிழை பிறகு எல்லோருடைய உழைப்பையும் கெடுக்கும். அதனால் மற்ற வேலைகளைப் பகிர்ந்துகொடுத்த பின்னும் ஓலை தெரிவதை மட்டும் அவர் தன் கையிலேயே வைத்திருக்கிறார்.

மாரி தொடங்கினால் ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். ஆவணி, புரட்டாதியிலேயே மழைமாதங்களுக்கான ஓலையை வாங்கி அடுக்கவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஊருக்கு வரும் சனத்தால் விற்பனை கூடும். அந்தக் காசில் பெரும்பகுதி உடனே ஓலையாக மாறிவிடும். கையில் காசு புரள்வதைக் கண்டு செலவைக் கூட்டினால் கார்த்திகையில் பெண்களுக்கு வேலை இல்லை.

என்னை அதிகம் கவர்ந்தது கூலிக் கணக்கு. புது மாதிரி ஒன்று வந்தால் முதல் உருப்படியை அவரே இழைக்கிறார். சென்ற நேரத்தைக் கொப்பியில் எழுதுகிறார். தன் கை வேகமானது என்பதால் மற்றவர்களுக்காக அந்த நேரத்தைச் சற்றுக் கூட்டி, அதன்படி கூலி தீர்மானிக்கிறார். கூலி, ஓலை, சாயம், போக்குவரத்து, தன் சொந்த உழைப்பு எல்லாவற்றையும் சேர்த்த பிறகே விலை.

பிழையான பெட்டிக்குக் கூலி வெட்டுவதில்லை. இழைத்தவரைப் பக்கத்தில் இருத்தி, பிழைத்த இடம்வரை அவிழ்த்துக் காட்டுகிறார். மூத்த தொழிலாளி ஒருவரைச் சரிபார்ப்புக்கு அமர்த்தி, அதற்கென்று தனிச் சம்பளமும் கொடுக்கிறார். இருவரும் பார்த்து முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் வேலை ஏற்பதில்லை. "எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு ஒருக்கால் கெட்டதைக் குடுத்தால், அடுத்தமுறை ஆர் வருவினம்?"

இந்தத் தொழிலுக்கு அடிமேல் அடி. யுத்தத்தில் இந்த மண் இழந்த பனைகள் ஏராளம். 2020இல் கொரோனா ஊரடங்கு சந்தையை மூடியது. 2022இல் விலைவாசி ஏறியபோது, கடனுக்குக் கொடுத்த பொருளின் காசு கைக்கு வருமுன்னரே பெறுமதி இழந்தது. அன்றிலிருந்து பாதி முற்பணம் இல்லாமல் பெரிய ஓடர் எடுப்பதில்லை என்று அவர் தீர்மானித்தார். பெண்களின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க முடிவது அதனால்தான்.

பனை அபிவிருத்திச் சபை 1978இலேயே உருவானது; இழைக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகளும் இங்கே புதியவை அல்ல. அந்தப் பயிற்சிகளில் நேரக் கணக்கையும் விலை போடுவதையும் ஆட்களை நடத்துவதையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும். அழகாக இழைக்கத் தெரிந்தும் தங்கள் உழைப்புக்கு விலை போடத் தெரியாததால்தான் எத்தனையோ பெண்கள் கூலியாட்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

வாங்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடகத்துக்கும் பெட்டிக்கும் பேரம் பேசாதீர்கள். மொத்தமாக வாங்கினால் முற்பணம் கொடுங்கள். அந்தக் காசுதான் மாரியில் ஒரு விறாந்தைப் பட்டறையை மூடாமல் வைத்திருக்கிறது.