மின்காரும் மைனஸ் இருபதும்

எங்கள் வீட்டில் மின்கார் வாங்கிய நாளிலிருந்து, பிறந்தநாள் கொண்டாட்டமோ சாமத்திய வீடோ எங்கே போனாலும் ஒரு அங்கிள் சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் வந்து அமர்வார். முதல் இரண்டு நிமிடம் படிப்பைப் பற்றி விசாரிப்பார். பிறகு மெதுவாக, "தம்பி, உந்தக் கரண்ட் கார் குளிருக்குள்ள ஓடுமோ? நடு றோட்டில நிண்டா என்ன செய்வீர்?" இந்த இரண்டு வருடத்தில் எத்தனை தரம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இந்தப் பதிவைக் காட்டிவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடலாம் :-)

சுருக்கமான பதில்: ஓடும். நீளமான பதில்தான் கீழே. நான் படிப்பது வணிகம், பொறியியல் இல்லை. ஆகவே கொஞ்சம் விஞ்ஞானம், நிறையக் கணக்கு என்று போகும். பொறுத்தருள்க.

முதலில் வண்டியைப் பற்றி. பழைய வண்டி, 2024 இலையுதிர்காலத்தில் இரண்டாம் கையாக வாங்கியது. பற்றரி 40 கிலோவாட் மணி. வயதுக்குத் தேய்ந்தது போக எங்களுக்குக் கிடைப்பது சுமார் 36. (இனி ஒரு கிலோவாட் மணியை ஒரு யூனிட் என்றே எழுதுகிறேன்.) நாங்கள் இருப்பது ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். எனது பல்கலைக்கழகம் ஒஷாவாவில். 401 நெடுஞ்சாலையில் போக 40, வர 40. அம்மா முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. போகும்போது கூட வேலை செய்யும் ஒரு அக்காவின் காரில் போய்விடுவா. காலை ஏழு மணிக்கு முடிந்து வரும்போதுதான் பிரச்சினை. அந்த அக்கா வேறு பக்கம் போகிறவ. முன்பெல்லாம் அம்மா பஸ் தரிப்பிடத்தில் நிற்பா. பன்னிரண்டு மணித்தியாலம் மற்றவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, படுக்க வைத்துவிட்டு வந்து மைனஸ் பதினைந்தில் இருபது நிமிடம் நிற்பது என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. கார் வாங்கியதே அதற்காகத்தான். என் படிப்புக்கு என்பது வெளியில் சொல்லும் காரணம்.

இனி விஞ்ஞானம். குளிரில் மின்காருக்கு இரண்டு அடி விழுகிறது. ஒன்று, பற்றரிக்குள் லிதியம் அயன்கள் நீந்திப் போகும் திரவம் குளிரில் தடிக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தேங்காய் எண்ணெயைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்தடை கூடும், கொடுக்கக்கூடிய வலு குறையும். உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால் லிதியம் உலோகமாகப் படிந்து பற்றரியைக் கெடுக்கும் என்பதால், காரின் கணினியே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பி வரும் வித்தையும் காலையில் பாதிக்குமேல் வேலை செய்யாது.

இரண்டாவது அடிதான் பெரியது: ஹீற்றர். பெற்றோல் கார் ஒரு ஊதாரி. எரிக்கும் எண்ணெயில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. அந்த வீண் வெப்பத்தைத்தான் நாம் குளிர்காலத்தில் இலவச ஹீற்றர் என்று அனுபவிக்கிறோம். மின்மோட்டார் சிக்கனக்காரன். வீணாக்குவதே கொஞ்சம்தான். ஆகவே நமக்குச் சூடு வேண்டுமென்றால் பற்றரியிலிருந்தே எடுத்துத் தர வேண்டும். அமெரிக்காவின் ஏஏஏ அமைப்பு 2019இல் ஐந்து மின்கார்களை மைனஸ் ஏழு பாகையில் சோதித்தது. ஹீற்றர் போடாமல் ஓடியபோது தூரம் 12 வீதம்தான் குறைந்தது. ஹீற்றர் போட்டதும் 41 வீதம். வித்தியாசம் முழுக்க நம் கைகால் சூட்டுக்குப் போனது!

இது தவிரச் சில்லறைச் செலவுகளும் உண்டு. மைனஸ் இருபதில் காற்றின் அடர்த்தி பிளஸ் இருபதில் இருப்பதைவிட 15 வீதத்துக்கு மேல் கூட; அதைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். குளிரில் ரயரில் காற்றழுத்தம் இறங்கும். குளிர்கால ரயருக்கு உருளும் தடை அதிகம். இந்தச் சில்லறைச் செலவுகளெல்லாம் பெற்றோல் காருக்கும் பொது. பெற்றோல் காரும் குளிரில் நகருக்குள் சுமார் 15 வீதம் கூடக் குடிக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. காரணம், மூலைக்கு மூலை எண்ணெய் நிலையம்.

எங்கள் காரில் நான் குறித்து வைத்த கணக்கு இது. கோடையில் 100 கிலோமீற்றருக்குச் சுமார் 15.5 யூனிட். சாதாரணக் குளிரில் 23. மைனஸ் இருபதை எட்டிப் பார்க்கும் நாளில் 30. அதாவது நிறைந்த பற்றரியில் கோடையில் 230, குளிரில் 155, கடும் குளிரில் 120 கிலோமீற்றர்.

"அட, உனக்கு ஒரு நாளைக்கு 80 தானே, 120 தாராளம்" என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பற்றரி நாளைக்கும் வேண்டுமே. இங்கேதான் நான் படிக்கும் பாடம் உதவிக்கு வந்தது.

பேஸ்மென்ட்டில் இருப்பவனுக்கு 240 வோல்ட் சார்ஜர் ஒரு கனவு. எங்களுக்கு இருப்பது வாசலோரச் சுவரிலுள்ள சாதாரண 120 வோல்ட் பிளக். அதில் ஏறுவது மணிக்கு 1.4 யூனிட். இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை போட்டால் 17. சேதாரம் போக பற்றரிக்குள் போய்ச் சேர்வது 14. கோடையில் ஒரு நாள் செலவு 12, வரவு 14. மிச்சம்! குளிரில் செலவு 18, அம்மாவை ஏற்றிவர இன்னொரு 3. வரவு அதே 14. ஒவ்வொரு நாளும் துண்டு விழும்.

ஒரு வாரத்தைப் பார்ப்போம். திங்கள் காலை 36. மாலை 18. செவ்வாய் காலை 32, அம்மாவை ஏற்றி, வகுப்புக்குப் போய் வந்தால் 11. புதன் காலை 25, மாலை 4. நான்கு! அந்த நான்கில் இரவு ஏதாவது அவசரம் என்றால்? பிளக் இழுபட்டுக் கழன்றிருந்தால்? அதனால் புதன்கிழமைகளில் வளாகத்திலுள்ள சார்ஜரில் காசு கட்டி இரண்டு மணித்தியாலம் போட்டுவிடுவேன். வியாழன் முதல் ஞாயிறு வரை எனக்கு வகுப்பு இல்லை. பற்றரி மெல்ல மெல்ல மூச்சு வாங்கி மறுபடி நிறையும்.

முதலாம் ஆண்டு கணக்கியலில் ஒரு பாடம் சொல்லித் தருவார்கள்: இலாபம் வேறு, கையிருப்புக் காசு வேறு. புத்தகத்தில் இலாபம் காட்டும் கம்பனி, வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் மூடுப்படலாம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இந்த வரி எனக்கு உண்மையில் விளங்கியது ஒரு பெப்ரவரி மாத இரவில், காரின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்.

ஏனென்றால் செலவுக் கணக்கில் மின்கார் குளிரிலும் இலாபம்தான். வீட்டுக்கார அங்கிளோடு பேசி, வரி, விநியோகக் கட்டணம் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 15 சதம் என்று முடிவு செய்தோம். பிளக்கில் ஒரு சின்ன மீற்றர் போட்டிருக்கிறோம், மாதக் கடைசியில் படம் எடுத்து அனுப்பிக் காசு கொடுப்பேன். குளிரில் 100 கிலோமீற்றருக்குச் சேதாரமும் சேர்த்து 27 யூனிட், அதாவது 4 டொலர் சொச்சம். பெற்றோல் காருக்கு 8 லீற்றர், லீற்றர் 1.40 என்று வைத்தாலும் 11 டொலர் 20 சதம். கோடையில் மின்காருக்கு 2 டொலர் 70 சதம்தான். அப்படியானால் குளிர் என்னிடமிருந்து கூடுதலாகப் பறிப்பது 100 கிலோமீற்றருக்கு வெறும் ஒன்றரை டொலர்! ஒரு கோப்பி விலை.

ஆகவே அங்கிள்மாரே, குளிர் மின்காரின் இலாபத்தைத் தின்பதில்லை. கையிருப்பைத் தின்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் ஒரு பக்கம் "சும்மா ஓடும்" என்றும் மறுபக்கம் "குப்பை வண்டி" என்றும் சண்டை நடக்கிறது.

2024 ஜனவரியில் சிகாகோவில் கடும் குளிரில் மின்கார்கள் சார்ஜ் நிலையங்களில் வரிசையாக முடங்கிய படங்கள் ஞாபகம் இருக்கும். அதையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் விளங்கும். குளிர்ந்த பற்றரி மெதுவாக ஏறும், ஒவ்வொருவரும் அதிக நேரம் எடுப்பார்கள், வரிசை நீளும், வரிசையில் நிற்கும்போது ஹீற்றர் மிச்சத்தையும் குடிக்கும். வங்கி திவாலாகப் போகிறது என்று எல்லோரும் ஒரே நாளில் காசெடுக்க ஓடுவதும் இதுவும் ஒன்றே. அங்கு சிக்கியவர்களில் வாடகைக்கு ஓட்டுபவர்களும் இருந்தார்கள். பொதுச் சார்ஜரை நம்பியே நாளை ஓட்டுபவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். சொந்தக் கராஜில் 240 வோல்ட் சார்ஜர் வைத்திருப்பவருக்கு அது ஒரு செய்தி மட்டும்தான்.

எதிர் உதாரணமும் சொல்ல வேண்டும். 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் சுமார் 89 வீதம் முழு மின்கார்கள். அங்கேயும் பனிதான், இருட்டுதான். ஒஸ்லோவில் இருக்கும் சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன், குளிர் பிரச்சினை இல்லையா என்று. "குளிரோ? வீட்டு வாசலில பிளக் இருக்கு, பிறகென்ன?" என்றார். நான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுவதை மனிதர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஏன், நம் கனடாவிலேயே வின்னிபெக், எட்மன்டன் பக்கம் போனால் பெற்றோல் கார்களையே இரவில் பிளக்கில் செருகி வைப்பார்கள், எஞ்சின் உறையாமல் இருக்க. குளிர் ஊரில் காரைப் பிளக்கில் போடுவது புதுப் பழக்கமே இல்லை.

பிளக் என்றதும் ஒரு கதை. ஒன்ராறியோவில் 2023இல் ஒரு புது மின்கட்டணத் திட்டம் வந்தது. இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த விலை. ஆனால் வாரநாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதன் பத்து மடங்கு. எனக்கு அது பொன்னான திட்டம். வீட்டுக்கார அங்கிளும் "மாத்துவமோ தம்பி?" என்று கேட்டார். மேலே இருப்பது ஆறு பேர். பின்னேரம் சமையல், உடுப்புத் தோய்ப்பு எல்லாம் அந்த ஐந்து மணித்தியாலத்துக்குள்தான். தாளில் கணக்குப் போட்டுக் காட்டி, எனக்கு மிஞ்சுவதைவிட உங்களுக்கு ஏறுவது கூட, வேண்டாம் என்றேன். அன்ரி எட்டிப் பார்த்து, "அப்ப நான் ஆறு மணிக்குக் கறி வைக்கிறதை விட்டிட்டு நடுச்சாமத்திலயோ வைக்கிறது?" என்று கேட்டு விஷயத்தை முடித்து வைத்தா. அந்தப் பிளக் எங்கள் உரிமை இல்லை, அவர்களுடைய நல்ல மனசு. நாளைக்கு வீடு மாறினால் அடுத்த வீட்டுக்காரர் மறுக்கலாம். எங்களைப் போன்ற வாடகைக் குடும்பத்துக்கு மின்காரில் மிகப் பலவீனமான பாகம் பற்றரி இல்லை, சுவரில் இருக்கும் அந்தத் துவாரம்தான். குளிரைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பேசுவதில்லை.

"நடு றோட்டில நிண்டா?" என்ற கேள்விக்கும் பதில். 2025 பெப்ரவரி நடுவில் சில நாட்களுக்குள் ரொறன்ரோவில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. அந்த வாரம் நானும் இதைத்தான் யோசித்தேன். நின்ற காரில் உள்ளே சூட்டைத் தக்கவைக்க மணிக்கு ஒன்றரை, இரண்டு யூனிட் போகும் என்று வையுங்கள். அரைப் பற்றரியில் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் இருக்கலாம். பெற்றோல் கார் இதைவிட நீண்ட நேரம் தாங்கும். ஆனால் புகைக்குழாயைப் பனி மூடினால் காபன் மொனொக்சைட் உள்ளே வந்து ஆளையே கொல்லும். இதில் அந்தப் பயம் இல்லை. போர்வை ஒன்றும் மண்வாரி ஒன்றும் எந்தக் காரிலும் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை இரவில் கார் கால் பங்குக்குக் கீழே போகக்கூடாது. அந்தக் கால் பங்கு அம்மாவுடையது. மைனஸ் இருபது வந்த வாரத்தில் திங்கள் மாலை 12 யூனிட்தான் மிச்சம். செவ்வாய் காலை 25. அம்மாவை ஏற்றி வந்து, பிறகு ஒஷாவா போய் வரக் காணாது. ஆகவே அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, காரைப் பிளக்கில் போட்டுவிட்டு, நான் பஸ் ஏறினேன். ஒன்றரை மணித்தியாலம், இரண்டு பஸ், விறைத்த மூக்கு. அன்று மாலை அம்மா கேட்டா, "கார் இருக்கேக்க ஏன் பஸ்ஸில போனனீ?" கணக்கைச் சொன்னேன். விளங்கியதோ தெரியாது. அடுத்த நாள் காலை நான் போனபோது முன்கதவைத் திறந்து ஏறி, சீற் ஹீற்றரைத் தானே போட்டுவிட்டு, பெரிய ஹீற்றரை நிறுத்தினா. "இது காணும். நீ படிக்கப் போ" என்றா. சீற் ஹீற்றருக்குப் பெரிய ஹீற்றரில் ஒரு சின்னப் பங்குகூடப் போகாது. பொறியியலாளர் ஒருவர் கொடுக்கும் முதல் ஆலோசனையும் அதுதான்.

வாங்க யோசிப்பவர்களுக்கு: கோடைத் தூரத்தில் பாதியை உங்கள் குளிர்காலத் தூரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். காரைப் பார்க்கப் போகுமுன் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். 401இல் 115இல் பறக்காமல் 100இல் போங்கள். வெப்பப் பம்பி உள்ள மொடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடுத்த பதிவு பரீட்சை முடிந்த பிறகுதான். அதுவரை கறுப்புப் பனிக்குக் கவனம்.